புளி குறைத்த நான்காம் நாள்

முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லில் இருந்துகொண்டு முட்டையே தொடாத குடும்பம் எங்களுடையது. இமயமலைப் பக்கம் ஒன்பது நாள் பை சுமந்து நடப்பது என் வீட்டுக்காரரின் நெடுநாள் ஆசை. கிளம்பப் போகிறோம் என்றதும் பார்த்தவர்களெல்லாம் முட்டைப் பொடி எடுத்துப் போகச் சொன்னார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பருப்பும் கொள்ளும் தின்று வளர்ந்த உடம்பு ஏறாத மலையா என்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன்.

வடித்த சோற்றையும் வெந்த பருப்பையும் மொட்டைமாடியில் சருகாகக் காயவைத்தேன். வெந்நீர் ஊற்றினால் கால் மணி நேரத்தில் பூத்துவிடும். கூடவே கொள்ளுப்பொடி, வறுத்த கம்பு மாவு, நல்லெண்ணெய் மிதக்கும் புளிக்காய்ச்சல். அவர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். ஒவ்வொரு பொட்டலத்தையும் தராசில் வைத்து, "ஓவர்லோடு ஆவாது புள்ள" என்று ஒரு கை அள்ளி எடுத்துவிடுவார்.

"அந்தக் கணக்கை உங்க பட்டறையோட வெச்சுக்குங்க" என்பேன்.

கிளம்புமுன் நாலு நாள் அதையே தின்று பார்ப்பது என்று முடிவு. காலையில் பையைச் சுமந்து எங்கள் ஊர் மலைக்கோட்டைப் படி ஏறி இறங்குவோம். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுவோம். எது சரி, எது சரியில்லை என்று அவர் நோட்டில் எழுதுவார்.

இரண்டாம் நாள் இறங்கும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நெஞ்செல்லாம் எரியுது புள்ள."

"நேத்துப் புளி தூக்கலாப் போச்சுங்க. கொறச்சுப் போடறேன்."

சட்டை நனைந்திருந்தது. படி ஏறினால் வேர்க்காதா என்று நினைத்தேன். மூன்றாம் நாளும் எரிகிறது என்றார். மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தேன். பழைய புளிக்காய்ச்சலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கிளறினேன். சரியாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்று எனக்குப் பெருமை வேறு.

நாலாம் நாள் மத்தியானம் அதைப் பிசைந்து சாப்பிட்டார்.

"இப்ப எப்படிங்க?"

"நல்லாருக்குது சாமி."

சாப்பிட்டு, நோட்டில் எழுதி, நாற்காலியில் கண்ணயர்ந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே உயிர் போய்விட்டது. எத்தனை நாளாக நெஞ்சுவலி என்று டாக்டர் கேட்டார். "வலியெல்லாம் இல்லைங்க, ரெண்டு நாள் எரிச்சல்தான். புளி ஒத்துக்கலைங்க" என்றேன். "அது புளி எரிச்சல் இல்லைம்மா, மாரடைப்பு" என்றார் டாக்டர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாரடைப்புக்கு நான் புளியைக் குறைத்திருக்கிறேன். இத்தனை வருஷம் ஆக்கிப்போட்டும் அந்த உடம்பை எனக்குத் தெரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் நோட்டை எடுத்துப் பார்த்தேன். நாலாம் நாளுக்கு நேரே அவர் கையெழுத்து: "புளி இப்போ சரி. எரிச்சல் நிற்கவில்லை."

நான் மறுபடியும் அடுப்படியில் நின்று வேக வேண்டியிருக்குமே என்று என்னிடம் வாயே திறக்கவில்லை, பாவி மனுஷன்.