பொட்டு வைத்த ஃப்ளாப்பிகள்

திருநீர்மலை தாண்டியதும் செருப்பு வார் அறுந்தது. இரண்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். குரோம்பேட்டைக்குப் போகும் ஷேர் ஆட்டோ ஒன்று என் பக்கத்தில் வேகம் குறைத்து ஹாரன் அடித்தது. நான் தலையை ஆட்டியதும் போய்விட்டது. ஷேர் ஆட்டோவில் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு எதிரெதிரே உட்கார வேண்டும். யாராவது ஒருவர் எங்கே வேலை என்று கேட்பார். அன்று அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது என்று தோன்றியது. தார் ரோடு இன்னும் சுட்டது. ஓரத்து மண்ணில் இறங்கி நடந்தேன்.

வேலையை விட்டுப் போவது எனக்குப் புதிதல்ல. ஒன்பதாம் வகுப்பில் பள்ளியை விட்டவன். ஓசூரில் ஒரு பட்டறை, நெல்லூரில் ஒரு ஓட்டல், பிறகு லாரிக் கிளீனர் என்று ஓடிக்கொண்டிருந்தவன். எங்கேயும் ஆறு மாதம் தங்கியதில்லை. சாப்பாடு பற்றாமல் போயிருக்கிறேன், மேஸ்திரியின் வாய் பொறுக்காமல் போயிருக்கிறேன், ஒன்றுமில்லாமலும் போயிருக்கிறேன். இந்த முறை யாரும் என்னைத் துரத்தவில்லை. இன்னும் பத்து வருடம் இருந்திருந்தாலும் முதலாளி வைத்துக்கொண்டிருப்பார்.

அது திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டின் பின் தெருவில் இருந்த எம்பிராய்டரி யூனிட். பள்ளிச் சீருடைகளின் சட்டைப் பைக்குப் பள்ளிச் சின்னம் போட்டுக் கொடுப்பார்கள். பை அளவுக்கு வெட்டிய துணிகள் கட்டுக்கட்டாக வரும். ஒரே ஒரு மெஷின். ஆறு தலை, ஆறு ஊசி, ஒரே நேரத்தில் ஆறு சின்னம். யாரோ கழித்துப் போட்டதை முதலாளி வாங்கி வந்திருந்தார். எல்லோரும் பென்டிரைவுக்கு மாறிய பிறகும் அந்த மெஷினுக்கு ஃப்ளாப்பி மட்டும்தான் தெரியும். ஒரு பள்ளிக்கு ஒரு ஃப்ளாப்பி. மெஷினின் சின்னத் திரையில் ஓர் எண் மட்டும் வரும், அதுவும் எல்லா ஃப்ளாப்பிக்கும் ஒன்றாம் எண்தான். எது எந்தப் பள்ளி என்பதை மேலே ஒட்டியிருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மெஷினை ஓட்டியவர் செம்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஓர் அக்கா. நாற்பது வயதிருக்கும். நான்கு வருடம் பிசிறு வெட்டும் மேசையில் கத்தரியோடு உட்கார்ந்திருந்து, பழைய ஆபரேட்டர் வராத ஒரு நாளில் தானே மெஷினை ஓட்டிக் காட்டி அந்த இடத்துக்கு வந்தவர். ஊசி முறியும் முன்பே சத்தத்தில் கண்டுபிடித்துவிடுவார். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஒவ்வொரு ஃப்ளாப்பியிலும் நெற்றியில் வைக்கிற ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருப்பார். சிவப்பு ஒன்று என்றால் ஒரு பள்ளி, பச்சை ஒன்று என்றால் இன்னொன்று, மெரூன் நீளப் பொட்டு என்றால் கான்வென்ட். எண்பது ஃப்ளாப்பிக்கும் பொட்டு. எது எதுவென்று அவர் தலைக்குள் இருந்தது.

பெரிய பள்ளி ஒன்றின் ஆட்கள் யூனிட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. பொட்டு வைத்த ஃப்ளாப்பிப் பெட்டியைப் பார்த்தால் சிரிப்பார்கள் என்று முதலாளி நினைத்தார். பெட்டி தூக்கும் வேலைக்கு வந்திருந்த எனக்கு இங்கிலீஷ் எழுத்து கூட்டிப் படிக்க வரும் என்று தெரிந்ததும், கண்ணாடித் தடுப்புக்குள் இருந்த கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தார். ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யிலிருந்து அவருடைய மைத்துனர் ஒரு சின்ன புரோகிராமைப் போட்டுக் கொடுத்திருந்தார். ஃப்ளாப்பியை நுழைத்தால், உள்ளே டிசைன்காரர் வைத்திருக்கும் பெயரைத் தானே படித்து, லேபிளாக அச்சடிக்கும். ஒரு தாளுக்குப் பத்து லேபிள்.

அது முழுப் புரோகிராம் இல்லை. பிடித்தால் செய்தவருக்குப் பணம் அனுப்புங்கள் என்று திறக்கும்போதெல்லாம் ஒரு சாம்பல் நிறக் கட்டம் வரும். நொடிகள் இறங்கிக்கொண்டே வந்து பூஜ்யம் ஆனால்தான் பொத்தானை அழுத்த விடும். பணம் கட்டாதவர்களுக்கு, ஒரு தாள் அச்சடித்ததும் தானாக மூடிக்கொள்ளும். மறுபடி திறந்து மறுபடி காத்திருக்க வேண்டும். நாளாக ஆக அந்தக் காத்திருப்பும் நீண்டது. அக்கா நூல் மாற்ற அந்தப் பக்கம் வரும்போது எட்டிப் பார்ப்பார்.

“இன்னா தம்பி, உன் பொட்டி திரும்பவும் கை நீட்டிகினு நிக்குதா? கோயில் வாசல்ல குந்த வெச்சினா நல்லா சம்பாரிக்கும்.”

நான் சிரிப்பேன். சுழல் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை அதற்கு முன் எனக்கு வாய்த்ததில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை இருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

லேபிள் தட்டையாக உட்கார வேண்டுமென்றால் பொட்டை எடுத்தாக வேண்டும். பிளேடால் சுரண்டி எடுத்தேன், பசையை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. ஓரமாகவாவது ஒரு பொட்டு இருக்கட்டுமே என்று கேட்டார். முதலாளி வேண்டாம் என்றுவிட்டார். பிறகு அக்கா தன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, புது லேபிள்களை ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லி உருவத்தை மனப்பாடம் செய்தார். ஓ என்றால் வளையல், டி என்றால் பாதி அப்பளம். அவரே வைத்த பெயர்கள். மூன்று நாளில் எண்பதும் வந்துவிட்டது.

அந்த எண்பதில் இரண்டு, ஒரே நிர்வாகத்தின் இரண்டு பள்ளிகள். ரயில் பாதைக்குக் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. இரண்டுக்கும் ஒரே விளக்கு, ஒரே புத்தகம்; அடியில் கடுகளவு ஆங்கில எழுத்தில் வரும் கிளைப் பெயர் மட்டும் வேறு. லேபிளிலும் கடைசி எழுத்துதான் வேறு. கிழக்குக்கு ஈ, மேற்குக்கு டபிள்யூ. ஈ-க்கு அக்கா சீப்பு என்று பெயர் வைத்தார். டபிள்யூ கோணல்.

அந்த இரண்டு பள்ளிகளும் வந்த தாளை அச்சடித்துவிட்டு, படித்து முடித்த பத்து ஃப்ளாப்பிகளையும் வரிசை மாறாமல் அடுக்கி வைத்திருந்தேன். ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் எண் போடச் சொல்லியிருந்தார் முதலாளி. நான் போடவில்லை. டீ வந்தது. எழுந்தபோது முழங்கை பட்டு மேலிருந்த அந்த இரண்டும் வழுக்கிக் கீழே விழுந்தன. எடுத்தேன். எது மேலே இருந்தது, எது அடுத்தது என்று தெரியவில்லை. இரண்டிலும் பொட்டு சுரண்டியாகிவிட்டது. புரோகிராமோ மூடிக்கொண்டுவிட்டது. திறந்து, காத்திருந்து, ஒன்றைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அரை நிமிடம்கூட ஆகாது. டீ ஆறிவிடும் என்று, கைக்கு வந்த ஃப்ளாப்பியில் கைக்கு வந்த லேபிளை ஒட்டினேன்.

பிறகு அதை மறந்தே போனேன்.

பள்ளி திறக்கப் பத்து நாள் இருக்கும்போது கிழக்குப் பள்ளியின் துணி வந்தது. பழுப்புக் கட்டம் போட்ட துணி. அக்கா சீப்பு ஃப்ளாப்பியைப் போட்டு இரண்டு நாள் ஓட்டினார். பிசிறு வெட்டி அடுக்கியாயிற்று. மூன்றாம் நாள் காலை கட்டுப் போடும்போதுதான் முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடி எழுத்தைப் படித்தார். எல்லாவற்றிலும் மேற்குப் பள்ளியின் பெயர். நெருக்கமான தையல், பிரித்தால் துணி வலைபோல ஆகிவிடும். பள்ளி கொடுத்த துணி, மீதி கிடையாது.

அவர் கத்துகிற மனிதர் இல்லை. மெஷினுக்கு முன்னால் வந்து நின்று, “எழுத்து தெரியாதவங்களை இதுல உட்கார வெச்சது என் தப்புதாம்மா” என்றார்.

அக்கா மெஷினை நிறுத்தினார். “சீப்பு போட்டதத்தான் சார் போட்டேன். நல்லா பாத்துத்தான் போட்டேன். தம்பி கையால ஒட்னது, அத்த போட்டுப் பாக்கச் சொல்லுங்க.”

நியாயமான பேச்சு. முதலாளி மெஷினிலிருந்து ஃப்ளாப்பியை உருவி என்னிடம் கொடுத்தார். கண்ணாடித் தடுப்புக்குள் போய் அதை நுழைத்துப் புரோகிராமைத் திறந்தேன். சாம்பல் கட்டம் வந்தது. அன்றைக்கு அது நாற்பதிலிருந்து இறங்கியது. திரை என் பக்கம்தான் திரும்பியிருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர்கள் இருவரும் நின்றிருந்தார்கள், அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. அவர் பயப்படவில்லை. பெட்டி உண்மையைச் சொல்லும் என்று நின்றிருந்தார். விழுந்த இரண்டு ஃப்ளாப்பிகள் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தன. நாற்பது நொடி என்பது நீளமான நேரம். ஒருவன் நல்லவனாக மாறுவதற்குத் தாராளமாகப் போதும். நான் அந்த நேரத்தில் யோசித்ததெல்லாம் சுழல் நாற்காலியைப் பற்றியும், இரவில் படுக்க விட்டிருந்த துணி மூட்டை அறையைப் பற்றியும்தான்.

கட்டம் விலகியது. பெயர் வந்தது. கடைசி எழுத்து டபிள்யூ. மேலே என் கையால் ஒட்டிய லேபிளில் ஈ.

“சரியாத்தான் சார் இருக்கு” என்றேன்.

முதலாளி உள்ளே வந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும். அவருக்கு என்மேல் நம்பிக்கை.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது, இரண்டு லேபிள்களையும் ஊதி ஊதி உரித்து இடம் மாற்றி ஒட்டினேன். இன்னொரு முறை தப்பு நடக்கக் கூடாது என்றுதான் செய்தேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அக்காவின் பக்கம் இருந்த ஒரே சாட்சி மாறி ஒட்டியிருந்த அந்த லேபிள்தான். மூன்று மணிக்கு முதலாளியே சீப்பு ஃப்ளாப்பியைப் போட்டு ஒரு பழைய துணியில் ஓட்டிப் பார்த்தார். கிழக்குப் பள்ளியின் பெயர் பிழையில்லாமல் வந்தது. அந்தத் துண்டை அக்காவிடம் கொடுத்துவிட்டு, இனிமேல் பிசிறு மேசைக்குப் போகச் சொன்னார். மெஷினுக்குப் படித்த ஆள் ஒருவரைக் கொண்டு வருவதாகச் சொன்னார்.

அக்கா அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நூல் கண்டுகளை அதனதன் பெட்டியில் வைத்தார், மெஷினின் மேல் படிந்த பஞ்சைத் தட்டினார், பிளாஸ்டிக் உறையைப் போட்டார். எப்போதும் நாள் முடிவில் செய்வதைப் பாதி நாளில் செய்தார். பிறகு என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நான் இன்னும் அங்கேயே இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

“உன்னப் போயி சார் முன்னாடி மாட்டி வுடப் பாத்தேன் தம்பி, மனசுல வெச்சிக்காத” என்றார். “கோணலத்தான் சீப்புன்னு எடுத்துகீறேன் போல. கண்ணு மங்கிப் போச்சின்னு நெனக்கிறேன். இத்தினி வருசம் ஓட்டிகினு வந்தேன், அப்புடி ஆனதே இல்ல.”

“இல்லக்கா” என்றாவது ஒரு வார்த்தை சொன்னேனா என்று பல முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். சொல்லவில்லை. அவர் பிசிறு மேசைக்குப் போய், கத்தரியை எடுத்து, நூலைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்து வெட்டத் தொடங்கினார். காலை வரை அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை. நன்றாகத் தெரிகிற கண்ணை நம்பாமல் நூலை அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

துணி மூட்டை அறைக்குப் போய் என் பையை எடுத்துக்கொண்டு பின் கேட் வழியாக வெளியே வந்தேன். ஒரு தாளில் நடந்ததை எழுதிக் கம்ப்யூட்டர் மேல் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். எழுதத் தெரியாதவன் இல்லை நான்.

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்து, தாம்பரம் வரை நடந்து, ஸ்டேஷனில் படுத்தேன். திரும்பிப் போகலாம் என்று விடியும் வரை இரண்டு மூன்று முறை தோன்றியது. போகவில்லை. வெளிச்சம் வந்ததும் எதிர்ப்பக்கம் நடந்தேன்.

பெருங்களத்தூரில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் புது அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. வாசலில் ஆள் எடுத்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர் என் கையைப் புரட்டிப் பார்த்தார், பிறகு முகத்தை.

“படிச்ச களை தெரியுதே. இங்கிலீஷ் படிப்பியா? ஸ்டோர்ல ஆள் வேணும். பெட்டி மேல இருக்கறதப் பாத்து எந்த வூட்டுக்கு எந்த டைல்ஸுன்னு பிரிச்சுக் குடுக்கணும். நெழல்ல உக்காந்து செய்யற வேலை.”

“தெரியாதுண்ணா” என்றேன்.

“கையெழுத்து?”

“கைநாட்டுதான்.”

அவர் மை டப்பாவை நகர்த்தினார். கட்டை விரலை வைத்தேன். நான்காவது மாடிக்கு டைல்ஸ் ஏற்றச் சொன்னார். லிஃப்ட் இன்னும் மாட்டவில்லை. சும்மாட்டுக்கு ஒரு சாக்கைக் கொடுத்தார்கள். முதல் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்தவர், பார்த்துப் போ, படி ஈரமாக இருக்கிறது என்றார்.