பாம்பன் பாலத்து இறக்கமும் ஒரு முழக் கட்டுக்கம்பியும்

வியாழன் காலை 5.00, தேனி. பேருந்தில் ஏறும்போது என் தோள்பையிலிருந்து பென்சில் பருமனில் ஓர் இரும்புக் குழாய் ஒரு முழத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நடத்துநர் குழாயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன சார் இது?"

"ஜீப்புக்குப் பிரேக் குழாய்."

"ஜீப்பு எங்க?"

"பாம்பன்ல."

"ஜீப்பு பாம்பன்ல, குழாய் தேனியில. நல்ல பொழப்பு சார்" என்று சொல்லிவிட்டு, மதுரைக்கு எழுபது ரூபாய் வாங்கிக்கொண்டு அடுத்த இருக்கைக்குப் போனார். மனிதர் சிரிக்கவேயில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்த ஜீப் என்னுடையதாக இருந்தது. முப்பது வயதான நாலு சக்கர இழுவை வண்டி. போடி மலையிலிருந்து ஏலக்காய் மூட்டை இறக்கியே அதற்குப் பாதி ஆயுள் போனது. இரண்டு வருடத்துக்கு முன்பு பாம்பனிலிருந்து நாகேஸ்வரி என்ற பெண் தன் கணவர் முனியசாமியோடு தேனிக்கு வந்து அதை வாங்கிப் போனாள். குந்துகால் பக்கத்து மணற்கரையில் கரைவலை இழுக்கிறவர்களிடம் மீன் எடுத்து விற்பது அவள் தொழில். லோடு ஆட்டோ மணலில் இறங்காது. கூடையைத் தலையில் தூக்கி ரோட்டுக்கு வருவதற்குள் மீன் வாடிவிடும். ரோட்டில் காத்திருக்கும் வியாபாரி சொன்னதுதான் விலை. ஜீப் வந்த பிறகு அவளே மீனை ஏற்றி, பாலம் தாண்டி, மண்டபத்தில் நல்ல விலை கொடுக்கிற ஐஸ் கம்பெனிக்கே கொண்டுபோனாள்.

மூன்று நாளுக்கு முன்பு அவளிடமிருந்து போன். "அண்ணே, பிரேக்கு போயிருச்சு. பாலத்து இறக்கத்துல."

மீன் பெட்டிகளோடு பாலத்தின் உச்சி தாண்டி இறங்கும்போது பெடல் சொத்தென்று தரை வரைக்கும் போயிருக்கிறது. பழைய ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் எண்ணெய் ஓட்டம். ஓரிடத்தில் ஒழுகினால் நாலும் போச்சு. முதல் கியரில் போட்டு, கைப்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்து நிறுத்தியிருக்கிறாள். முன்னால் ஒரு குடும்பம் கைப்பிடிச் சுவரோரம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்ததாம். வண்டிக்கும் அவர்களுக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கிற இடம்தான் மிச்சம்.

"யாருக்கும் ஒண்ணுமில்லண்ணே. ஆனா எங்க வீட்டுக்காரவுக வண்டிய எடைக்குப் போடுறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாக. வியாழக்கிழமை நாலு மணிக்கு ராமநாதபுரத்திலருந்து பழைய இரும்பு எடுக்கிற ஆளு வருது. பின்பக்கத்து சாமான் இங்கன கெடைக்கல. உங்களுக்குத் தெரிஞ்ச இடம் இருக்கா?"

"சாமானை நானே எடுத்துக்கிட்டு வாரேம்மா" என்றேன். அவள் என்னை வரச் சொல்லவில்லை. ஏன் போனேன் என்பதைப் பரமக்குடி தாண்டிச் சொல்கிறேன்.

காலை 7.40, மதுரை மாட்டுத்தாவணி. இராமேசுவரம் பேருந்து, பாம்பனுக்கு நூற்றைம்பது ரூபாய். பக்கத்தில் தாலிக்கயிறு மாற்றப் போகிற ஒரு குடும்பம். எனக்கு ஒரு கொய்யாப்பழம் கொடுத்து, "நீங்களும் கோயிலுக்கா?" என்று கேட்டார்கள். "பட்டறைக்கு" என்றேன். அதற்குப் பிறகு பேச்சு வளரவில்லை.

பரமக்குடி தாண்டியதும் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். பார்க்க வேறு எதுவும் இல்லாத இடத்தில் மனசு உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. சொல்லிவிடுகிறேன். ஜீப்பின் சட்டத்தோடு ஓடி வருகிற பிரேக் குழாய், பின்பக்கம் வந்ததும் ஒரு ரப்பர் ஹோஸில் சேரும். அந்த இரண்டும் சேருமிடத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள உள்ளங்கை அளவில் ஓர் இரும்புத் தாங்கி உண்டு. எங்கள் ஊர் மலைப்பாதையில் ஒரு நாள் அது துருப்பிடித்து ஒடிந்தது. அப்போதைக்கு ஆகட்டும் என்று ஒரு முழக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டினேன். அப்போதைக்கு என்பது நாலு வருடம் ஆயிற்று. விற்கும் நேரம் வந்தபோது வண்டிக்கு அடியில் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். கம்பிக்கும் சேர்த்து அடித்தேன். நாகேஸ்வரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், "பிரேக்கு எப்படிண்ணே?" நான், "கல்லு மாதிரி நிக்கும்மா" என்றேன்.

இதுதான் நான் மெனக்கெட்டுப் போன காரணம். நல்ல மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

காலை 11.20, பாம்பன். பாலத்தைப் பேருந்தில் தாண்டும்போது எல்லோரும் ரயில் பாலம் இருக்கும் பக்கத்து ஜன்னலுக்கு ஓடினார்கள். நான் மட்டும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்ணுக்கு எப்போதும் சாதுவாகத் தெரிந்த பாலம், அன்றைக்குப் பார்த்தால் என்னமாய் இறங்குகிறது! இறங்கியதும் கருவாட்டு வாசனையும் காற்றும் சேர்ந்து முகத்தில் அடித்தன.

சீனி பாயின் பட்டறை ரோட்டோரத்திலேயே இருந்தது. பெரியபட்டினத்துக்காரர், ஐம்பது வயது, தினமும் பைக்கில் வந்து போகிறார். வெல்டிங், படகு என்ஜின், ஜீப் எல்லாம் அவர் ஒருவரே. என் ஜீப் முட்டுக்கட்டை மேல் நின்றது. முனியசாமி ஒரு டீசல் கேன் மேல் உட்கார்ந்திருந்தார். எனக்கு வணக்கம் சொன்னார், ஆனால் எழுந்திருக்கவில்லை. நாகேஸ்வரி மட்டும் ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டாள்.

"வாங்கண்ணே. இம்புட்டுத் தூரம் நீங்களே வரணுமா?"

பாய் அதற்குள் ரப்பர் ஹோஸைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அது ஊறின அப்பளம் மாதிரி உப்பிக் கிடந்தது. விரலால் அழுத்தினால் அமுங்கியது.

"எண்ணெய் குடிச்சிருக்கு. வண்டிக்கு அடியில என்னம்மா பூசுவ?"

"மீனெண்ணெய்தான் பாய். வள்ளத்துக்குப் பூசுற எண்ணெய். மாசாமாசம் வள்ளத்த கரையேத்திப் பூசுறப்ப, இதையும் நிறுத்தி ஒரு கை பூசிருவேன். உப்புக் காத்துக்கு இரும்பு தாங்கணும்ல?"

"இரும்புக்குச் சரிம்மா. ரப்பருக்கும் எண்ணெய்க்கும் ஆகாது. வள்ளத்துல ரப்பர் ஏது?"

முனியசாமி எழுந்தார். "கேட்டியா? நீ பூசுன எண்ணெய்தான் ஒன்னையக் கொல்லப் பாத்துருக்கு. சொன்னாக் கேக்குறியா நீ? வள்ளமும் ஜீப்பும் ஒண்ணா?" குரல் பெரிதாக இருந்தது, ஆனால் அது கோபம் இல்லை என்பது அடுத்த பேச்சில் தெரிந்தது. "வண்டி போனா வேற வண்டி வரும் புள்ள. நீ போனா?"

நாகேஸ்வரி அந்த ஹோஸை வாங்கி வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருடம் பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி தேய்த்திருக்கிறாள். இப்போது அதுவே குற்றமாகிவிட்டது.

"நான் ஒரு தடவை பார்த்துர்றேன்" என்று சொல்லி, சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். டார்ச் அடித்தேன். என் கம்பி அப்படியே இருந்தது, கறுப்புப் பெயிண்ட்டோடு. கட்டு தளர்ந்திருந்தது. தளர்ந்த குழாய் சட்டத்தின் ஓரத்தில் ஆடி ஆடி உரசி, ஓரிடத்தில் புது நாணயம் போலப் பளபளத்தது. அதன் நடுவில் ஊசி போகிற அளவில் ஒரு துளை. பிரேக் எண்ணெய் வெளியேறியது இங்கேதான். ஹோஸ் உப்பியிருந்தது உண்மை, ஆனால் அது வெடிக்கவில்லை.

பாய் இன்னும் இந்த இடத்தைப் பார்க்கவில்லை. அதற்கு மேல் நடந்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன். கட்டிங் பிளேயரால் கம்பியை வெட்டி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வெளியே வந்து, "ஆமா, ஹோஸ்தான்" என்று சொல்ல வாய் தயாராகவும் இருந்தது. பார்க்கப்போனால் அந்த ஹோஸும் கெட்டதுதானே என்று ஒரு குரல் உள்ளே எனக்காக வாதாடியது. சீ, என்ன மனசு இது!

வெளியே வந்தபோது நாகேஸ்வரி கணவரிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "சரி, எம்மேலதான் தப்பு. அந்த இரும்புக்காரரு வந்தா வண்டியக் குடுத்துருங்க."

சட்டைப்பையிலிருந்து கம்பியை எடுத்து ஹோஸ் இருந்த அவள் கையிலேயே வைத்தேன். "தப்பு உன் மேல இல்லம்மா. இது என் கைவேலை. தாங்கி ஒடிஞ்சு போயிருந்தது, இதை வச்சுக் கட்டி, மேல பெயிண்ட் அடிச்சு உனக்கு வித்தேன். குழாய் ஓட்டை விழுந்தது இதாலதான். பாய், வந்து பாருங்க."

பாய் அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அண்ணன் சொல்றது நெசம்தான்" என்றார். பிறகு சட்டத்தைக் கையால் தட்டினார். "இன்னொண்ணும் சொல்றேன். இந்தக் கரையில முப்பது வருச வண்டிக்குச் சட்டம் இப்படித் துருவில்லாம நின்னு நான் பாத்ததே கெடையாது. அது இந்தப் புள்ள பூசுன எண்ணெய்."

முனியசாமி என்னை ஏறிட்டுப் பார்த்தார். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவர் ரோட்டுக்குப் போய் எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார்.

நாகேஸ்வரிதான் பேசினாள். "பெடல் உள்ள போனப்ப எனக்கு என்ன ஞாபகம் வந்துச்சு தெரியுமாண்ணே? சாமி இல்ல. 'கல்லு மாதிரி நிக்கும்'னு நீங்க சொன்னதுதான் வந்துச்சு. திரும்பத் திரும்பப் பெடல மிதிச்சேன். அந்தச் சொல்ல நம்பி மிதிச்சேன். அப்பறம்தான் கைப்பிரேக்கு நெனவே வந்துச்சு."

"மன்னிச்சிரும்மா" என்றேன்.

"தேனியிலருந்து ரிப்பேர் பண்ண வந்தீகளா, இதச் சொல்ல வந்தீகளா?"

"ரெண்டுக்கும்தான்."

"ரிப்பேருக்குப் பாய் இருக்காரு. இதச் சொல்லத்தான் இங்கன ஆளு இல்ல." கம்பியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். "சரி, வேலையப் பாருங்க. மணி பன்னெண்டாச்சு."

மதியம் 12.00 முதல் 3.10 வரை. பாய் கால் அங்குலத் தகட்டை வெட்டி, துளை போட்டு, சட்டத்தோடு புதுத் தாங்கியை வெல்டிங் வைத்தார். ஆறியதும் சுத்தியலால் நாலு அடி அடித்து, என்னையும் அடிக்கச் சொன்னார். ரோட்டில் நின்ற முனியசாமி கரைக்குப் போய், தன் படகிலிருந்து ஒரு செம்புக் குழாயோடு திரும்பி வந்து பாயிடம் நீட்டினார். வாய் பேசாவிட்டாலும் கை உதவிக்கு வந்துவிட்டது.

"டீசலுக்கு ஓடுற குழாய் இது. பிரேக்கு அழுத்தத்துக்கு ஆகாது மச்சான். ஒன் படகுக்குப் பிரேக் இருக்கா?" என்று பாய் கேட்டார். முனியசாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சு விட முடிந்தது.

நான் கொண்டுபோன குழாயை வளைத்து, சட்டத்தில் எங்கும் உரசாதபடி ஒரு சாணுக்கு ஒரு கிளிப் போட்டோம். அச்சின் மேல் ஓடும் இரண்டு குழாய்களுக்கும் புதுக் கிளிப். நான் கொண்டுவந்த புது ஹோஸை மாட்டியதும், நாகேஸ்வரி ஒரு பாலிதீன் பையைக் கிழித்து அதில் சுற்றிப் பார்த்தாள். "இனிமே எண்ணெய் பூசுறப்ப இப்படிச் சுத்திட்டுப் பூசுவேன் பாய், சரியா?" எண்ணெயை விடுவதாக அவளுக்கு உத்தேசமே இல்லை.

நடுவில் அவள் வீட்டுச் சோறும் பொரித்த சூடை மீனும் வந்தன. எனக்கு எத்தனை மீன் வைப்பாள் என்று மனசு கேவலமாக எண்ணியது. மற்றவர்களுக்கு வைத்த அளவே எனக்கும் வைத்தாள்.

கடைசியில் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும் வேலை. அவள் பெடலில், நான் சக்கரத்தின் அடியில், பாய் எண்ணெய் ஊற்றுகிறார். "அமுக்கும்மா." "அமுக்கிட்டேன்." "விடாத." திருகைத் தளர்த்தினால் எண்ணெயோடு குமிழி குமிழியாக வரும். நாலு சக்கரத்துக்கும் சேர்த்து நாற்பது தடவையாவது அமுக்கியிருப்பாள். "இப்பக் கெட்டியா இருக்குண்ணே" என்று மேலிருந்து அவள் சொன்னபோது, என் முகத்தில் வடிந்தது வியர்வை மட்டும் இல்லை.

பிற்பகல் 3.35. பட்டறை முன்னால் பத்துத் தடவை ஓட்டி நிறுத்திப் பார்த்தாகிவிட்டது. முனியசாமி அசையவில்லை. "தரையில எல்லா வண்டியும் நிக்கும். அந்த இறக்கத்துல நிக்கட்டும்."

"அப்ப ஏறுங்க. அண்ணனையும் மண்டபத்துல பஸ் ஏத்திருவோம்" என்றாள் நாகேஸ்வரி.

முனியசாமி பின்னால் மீன் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தார். நான் முன்னால், ஓட்டுநருக்குப் பக்கத்தில். இருபத்திரண்டு வருடம் ஓட்டிய வண்டியில் அந்த இடத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. வண்டி முழுக்க மீனெண்ணெய் வாசனை. பாலத்தில் ஏறினோம். எங்கள் ஊரில் இதைப் போல நூறு மடங்கு இறக்கம் இருக்கிறது; ஆனால் அங்கே ஒரு பக்கமாவது மலை இருக்கும், சாய்த்து நிறுத்தலாம். இங்கே இரண்டு பக்கமும் கடல்.

உச்சி தாண்டி இறங்கினோம். பாதியில், அதே மாதிரி, ஒரு வேன் நின்றிருந்தது. ஆட்கள் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாகேஸ்வரி உதட்டைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். ஜீப் நின்றது. வேனுக்கும் எங்களுக்கும் நடுவில் இரண்டு வண்டி நிறுத்தலாம்.

பிறகு பின்னாலிருந்து முனியசாமி போனில் பேசுவது கேட்டது. "அண்ணே, எங்க வந்துட்டீக? மண்டபத்துக்கிட்டயா? வேணாம்ண்ணே, திரும்பிருங்க. வண்டி குடுக்கல."

வேன் நகர்ந்தது. நாகேஸ்வரி பிரேக்கை விட்டு மிச்ச இறக்கத்தில் வண்டியை இறக்கினாள். கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை. என் பக்கம் கையை மட்டும் நீட்டி முழங்காலைத் தட்டினாள். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். என் வலது கால், பெடல் ஒன்றுமே இல்லாத தரைத் தகட்டை, வலிக்க வலிக்க மிதித்துக்கொண்டிருந்தது.

"கால எடுங்கண்ணே" என்றாள். "பிரேக்கு எங்கிட்ட இருக்கு."