எடுத்தவர் பெயர்

பிரிக்பீல்ட்ஸில் கன்னையா வைத்திருந்தது சின்ன போட்டோ ஸ்டூடியோ. பாஸ்போர்ட் படம், கல்யாணப் படம் என்றே காலம் ஓடியது. எழுபத்தாறாம் வருஷம் மட்டும் கொஞ்ச நாள் அவர் வேறு ஆளாக இருந்தார். மெட்ராஸிலிருந்து கடல் தாண்டிப் படப்பிடிப்புக்கு வந்த சினிமாக் கம்பெனியின் போட்டோகிராபர் காய்ச்சலில் படுத்துவிட, இவரைக் கூப்பிட்டார்கள். லேக் கார்டனில் கதாநாயகி மழையில் நனைந்து சிரித்ததையும், கிள்ளான் துறைமுகத்தில் சண்டை நடிகர்கள் டீ குடித்ததையும் எடுத்தார். நெகட்டிவ்களைக் கம்பெனி கொண்டுபோனது. ஒரு கட்டுப் பிரிண்ட் இவரிடம் தங்கியது.

தொண்ணூற்றொன்பதில் ஸ்டூடியோ ஈ ஓட்டியது. சுபாங் ஜெயாவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த மகள் சந்திரகலா, "கடைக்கு ஒரு வெப்சைட் போடுவோம்பா" என்றாள். கன்னையா அந்தப் படங்களைக் கொண்டுவந்து பரப்பினார்.

"இதைப் போடும்மா. பார்த்துட்டு ஆளுங்க வருவாங்க."

"சினிமாக் கம்பெனி படம்பா. கேட்காம போட்டா கேஸ் ஆயிடும் லா."

"எடுத்தது நான்மா."

"நீங்கதான். உரிமை எங்களுதுன்னு எதுலயாச்சும் கையெழுத்து வாங்கினாங்களா?"

வாங்கியிருந்தார்கள். அவர் படித்துப் பார்க்காமல் போட்டுக் கொடுத்திருந்தார்.

முறையாகவே கேட்டு எழுதினார்கள். கம்பெனியை இப்போது நடத்துவது பழைய முதலாளியின் மகன். படங்கள் எங்களுடையவை, அனுமதி இல்லை என்று பதில் வந்தது. உங்கள் பெயரையே போட்டு ஒரே ஒரு படமாவது வெளியிடலாமா என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. வெப்சைட்டில் கல்யாண ஜோடிகள் மட்டும் சிரித்தார்கள், அதுவும் ஒவ்வொரு வீட்டிலும் சம்மதம் கேட்ட பிறகு.

சில மாதம் கழித்துக் கிள்ளானிலிருந்து பழைய சிநேகிதர் நாகையா போன் செய்தார். "அண்ணே, நீங்க எடுத்த படத்தையெல்லாம் எவனோ இன்டர்நெட்ல போட்டிருக்கான்!"

சந்திரகலா திறந்து பார்த்தாள். பழைய சினிமாப் பத்திரிகையிலிருந்து சுட்டவை. எல்லாவற்றின் கீழும் எடுத்தவர் என்று அந்த வெப்சைட்காரன் பெயர். கம்பெனிக்கு எழுதினாள். இந்த முறை உடனே பதில் வந்தது: எங்களுக்கு அது விளம்பரம், நாங்கள் கண்டுகொள்வதில்லை.

"நாமளும் போட்டுடுவோம்பா! யார் கேட்கப் போறா?"

"நம்மளைக் கேட்பாங்க" என்றார் கன்னையா. "நாமதான் போய்க் கேட்டு, நம்ம பேரைச் சொல்லி வச்சிருக்கோமே."

அடுத்த மாதம் கிள்ளானில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் இருந்தவர் அந்தப் படங்களைப் பற்றித்தான் ஓயாமல் பேசினார். "அந்தக் காலத்துலயே என்னமா எடுத்திருக்கான், பாத்தீங்களா அங்கிள்?" என்று வெப்சைட்காரன் பெயரைச் சொன்னார்.

கன்னையா ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஆமா, நல்ல கை" என்றார்.