ஆறு நாற்பதுக்கு வரும் புறா

ரப்பர் குழாய்த் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் டைம்கீப்பராக இருந்தவர் அவர். வாசல் கேட்டை ஒட்டி ஒரு கூண்டு. கண்ணாடி ஜன்னல், ஒரு நாற்காலி, சுவரில் கடிகாரம், மேஜையில் இரண்டு பேனா. நீல மை நேரத்துக்கு வந்தவர்களுக்கு, சிவப்பு மை மற்றவர்களுக்கு. மூன்று நிமிடம் சலுகை உண்டு. நான்காவது நிமிடத்தில் வருகிறவன் மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டு ஓடி வந்தாலும் சரி, மழையில் சைக்கிள் சங்கிலி அறுந்து தள்ளிக்கொண்டு வந்தாலும் சரி, பெயருக்கு எதிரே சிவப்புக் கோடு விழும். காரணம் சொல்ல வாயெடுப்பவர்களை அவர் பார்க்கும் பார்வையில், வந்த சொல் தொண்டையிலேயே நின்றுவிடும். தொழிற்சாலையில் அவருக்குச் சிவப்பு மை என்று பெயர். அது அவருக்குத் தெரியும். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மனிதர்களைப் பற்றிய அவருடைய அபிப்பிராயம் அந்தக் கூண்டில்தான் உருவானது. காலையில் எழுந்து ஒரு இடத்துக்கு நேரத்துக்கு வந்து சேரத் தெரியாத ஜென்மங்கள் என்பதுதான் அதன் சுருக்கம். நல்லவன், கெட்டவன், அன்பானவன் என்று மற்றவர்கள் தரம் பிரிப்பதெல்லாம் அவருக்கு வெட்டிப்பேச்சு. சொன்ன நேரத்துக்கு ஒருவன் வருகிறானா இல்லையா என்பதை மட்டும்தான் உலகத்தில் சரிபார்க்க முடியும். மற்றதெல்லாம் அவனவன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. இந்தக் கருத்தில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மையை வைத்துக்கொண்டே ஒருவர் முழு ஆயுளையும் ஓட்டிவிடலாம் என்பதற்கு அவரே சாட்சி.

ஓய்வு பெற்றதும் கோடு போட ஆள் இல்லாமல் போயிற்று. வீட்டில் மிச்சமிருந்தது மனைவி ஒருவர்தான். அந்த அம்மாள் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் நாற்பது பேரை மேய்த்தவர். முதல் வாரமே, சாப்பாடு நாலு நிமிடம் தாமதம் என்று முனகிய கணவரின் கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டு முன்னறையில் போய் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகுதான் டைம்கீப்பரின் பார்வை கொல்லைப்புறத் தோட்டத்தின் பக்கம் திரும்பியது.

தோட்டத்தின் நடுவில் துணி துவைக்கிற கல் ஒன்று. வாஷிங் மெஷின் வந்த பிறகு சும்மா கிடந்தது. அதன் மேல் தினமும் காலை ஆறு நாற்பதுக்கு ஒரு பிடி நொய்யும் ஒரு பிடி கம்பும் வைப்பது என்று ஏற்படுத்திக்கொண்டார். இரக்கம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பறவைகளுக்குத் தீனி போடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு வேண்டியது பறவை அல்ல, தன்னை நம்பி ஏதோ ஒன்று வந்து நிற்கிறது என்ற நினைப்பு. அவருக்கு அதுகூட இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஷிப்ட். தானியம் வைத்ததும் ஒரு பிஸ்கட் டின்னின் மூடியை ஸ்பூனால் ஐந்து முறை தட்டுவார். தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்திருந்த எழுதாத வருகைப் பதிவேட்டை மடியில் விரித்துக்கொண்டு பின்வாசல் படியில் உட்காருவார். சிட்டுக்குருவி, மைனா, அணில், புறா என்று கட்டம். மூன்று நிமிடம் சலுகை.

மைனாக்கள் சண்டைக்காரர்கள், சிவப்பு. அணில்கள் நினைத்தால் வரும், நினைத்தால் வராது, முழுப் பக்கமும் சிவப்பு. குருவிகள் கும்பலாக வந்து கும்பலாக ஓடுகிற கான்ட்ராக்ட் ஆட்கள், அவற்றைத் தனித்தனியே அடையாளம் காணக்கூட அவர் மெனக்கெடவில்லை. ஒரே ஒரு புள்ளிப்புறாதான் விதிவிலக்கு. இடது காலில் இரண்டு விரல் கிடையாது. விந்தி விந்தி மதில்மேல் நடந்து, ஸ்பூன் விழுவதற்கு முன்பே கல்லுக்கு நேர் எதிரே வந்து நிற்கும். மழையானாலும் நிற்கும். இரண்டு வருடத்தில் ஒரு சிவப்புக் கோடு இல்லை. அதற்கு ஹெட்கிளார்க் என்று பெயர் வைத்தார். முப்பத்தொரு வருடத்தில் எந்த மனிதனையும் பற்றி அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்ததில்லை. இந்தப் புறாவைப் பற்றி ஒருமுறை மனைவியிடம், "பரவாயில்ல" என்றார்.

அப்புறம் பூனைகள் வந்தன.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தையல்காரம்மா. வீட்டின் முன்னறையே கடை, பின்பக்கம் சிமெண்ட் முற்றம். தெருவில் திரிந்த ஒரு சாம்பல் பெட்டைக்கு மிச்சச் சோறு போட ஆரம்பித்தார். ஒன்று நாலாகி, நாலு ஒன்பதாகியது. ஊசியில் நூல் கோர்க்க நேரமில்லாத நாளில் மத்தியானம் இரண்டுக்குப் போடுவார், கல்யாணத் துணி அவசரம் என்றால் போடவே மாட்டார், ஞாபகம் வந்தால் மூன்று முறை போடுவார். ஒவ்வொன்றையும் கண்ணு, கண்ணு என்று கூப்பிடுவார். குட்டி போடாமலிருக்க ஆபரேஷன் ஒன்று இருக்கிறது, ஒரு நாள் கடையை மூடிவிட்டுத் தூக்கிக்கொண்டு போனால் முடிந்துவிடும் என்பது அந்தக் கருணையில் சேரவில்லை. கொஞ்சுவதற்கு மெனக்கெட வேண்டியதில்லையே.

ஒரு நாள் கல்லடியில் குருவி இறகு கிடந்தது. மறுவாரம் ஒரு மைனாவின் இறக்கை முழுசாக. மூன்றாவது முறை அவர் இறகுகளைப் பொறுக்கி ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, தையல்காரம்மாவின் மிஷின்மேல் கொண்டுபோய் வைத்தார்.

அந்த அம்மாள் மிதிப்பதை நிறுத்தாமல் கவரைப் பார்த்தார். பூனை என்றால் பிடிக்கத்தான் செய்யும், தான் போடுகிற சோற்றால் வயிறு நிறைந்து கொஞ்சம் குறைத்தாவது பிடிக்கும் என்று சமாதானம் சொன்னார்.

"வயிறு நிறைஞ்ச பூனையும் பிடிக்கும்மா. அது பசிக்காகப் பிடிக்கிறதில்ல" என்றார் டைம்கீப்பர்.

"அப்போ நான் சோறு போட்டா என்ன, போடாட்டி என்ன? எதுக்கு எங்கிட்ட வந்து நிக்கிறீங்க அண்ணே?"

தான் சொன்னது சரி என்பதால்தான் அந்த அம்மாளுக்கு அந்தக் கேள்வி பிறந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து நகராட்சிக்கு இரண்டு பக்கத்தில் மனு எழுதினார். ஹெட்கிளார்க்கின் கால் ஊனத்தையும் குறிப்பிட்டார். மற்ற பறவைகள் பறந்து தப்பும், இது எழும்புவதற்கு ஒரு நொடி அதிகம் எடுக்கும் என்று எழுதும்போது பேனா சற்று நின்றது. அந்த ஒரு நொடிதான் இப்போது அவருடைய தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

பிராணி பிடிக்கிற துறையிலிருந்து ஒருவர் கம்பிக் கூண்டுகளோடு வந்தார். ஐம்பது வயது, கையெல்லாம் பிறாண்டல். வந்தவர் எட்டு மணி என்று சொல்லிவிட்டு ஒன்பதே காலுக்கு வந்ததால், டைம்கீப்பர் அவரை உட்காரச் சொல்லவில்லை. அவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நேராகத் தோட்டத்துக்குப் போனார். கல்லைச் சுற்றி வந்தார். கல்லிலிருந்து நாலடி தள்ளியிருந்த செம்பருத்திப் புதரின் கிளையை விலக்கிக் குனிந்தார். உள்ளே புல் ஒரு தட்டு அளவுக்கு அமுங்கிப் பழுத்திருந்தது.

"இது தினம் உக்காந்து உக்காந்து படிஞ்ச இடம் சார். எத்தனை மணிக்கு வருது?"

அந்த ஒரு விஷயத்தில் டைம்கீப்பருக்குத் தடுமாற்றமே கிடையாது. பதிவேட்டை எடுத்து வந்தார். கடைசிப் பக்கத்தில் பூனைகளுக்கும் கட்டம் போட்டிருந்தார், ஆதாரத்துக்காக. சாம்பல் கடுவன் ஒன்று, ஒரு காது பாதி. ஆறு முப்பத்தைந்து, ஆறு முப்பத்தாறு, ஆறு முப்பத்தைந்து. பிடிக்கிறவர் விரலால் கீழே வரை தடவிக்கொண்டே போனார். அப்புறம் மேலே திருப்பி, புறாவின் கட்டத்தைப் பார்த்தார். ஆறு முப்பத்தெட்டு, ஆறு முப்பத்தெட்டு.

"இந்த டின்னு எதுக்கு சார்?"

நேரமாயிற்று என்று பறவைகளுக்குத் தெரிய வேண்டாமா என்றார் டைம்கீப்பர்.

"பூனைக்குக் காது கேக்காதுன்னு நெனச்சீங்களா?" அவர் சிரிக்கவில்லை. "அந்தம்மா கண்ட நேரத்துல கண்ட இடத்துல போடுறாங்க. அங்க ஒண்ணும் சிக்காது. நீங்கதான் சார் மணியடிச்சு, ஒரே எடத்துல, ஒரே நேரத்துல பரிமாறுறீங்க. குருவிக்கு மட்டும் இல்ல."

பூனைகளில் ஐந்தைப் பிடித்துப்போய் ஆபரேஷன் செய்து, காதில் அடையாளம் வெட்டி, அதே தெருவில்தான் திரும்ப விடுவோம், விதி அப்படி என்றும் சொன்னார். கடுவன் கூண்டுக்குள் போகிற ரகமில்லை. கல்லைப் புதரிலிருந்து தள்ளிப் போடுங்கள், முடியாவிட்டால் தீனி போடுவதையே நிறுத்துங்கள், பறவைகளுக்கு வேறு இடம் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனார். டைம்கீப்பர் அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். ஒன்றேகால் மணி நேரம் தாமதமாக வருகிற ஒரு ஆள் தனக்குப் பாடம் நடத்துவதா என்பதுதான் அன்று பூராவும் அவர் மனதில் ஓடியது. சொன்னது சரியா என்ற கேள்வி வாசலிலேயே நின்றுவிட்டது, நான்காவது நிமிடத்தில் வந்தவனைப் போல.

கல் நகராது. நாலு ஆள் தூக்குகிற கனம். செம்பருத்தியை வெட்ட மனைவி விடவில்லை. அது அந்த அம்மாள் வைத்தது. அதனால் அவர் நேரத்தை மாற்றினார். கண்ட நேரத்தில் போடுவதுதான் பாதுகாப்பு என்றால், கண்ட நேரத்தில் போட்டுவிட்டால் போகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதினார். திங்கள் ஆறு ஐந்து, செவ்வாய் ஏழு ஐம்பது, புதன் ஐந்து ஐம்பத்தைந்து என்று ஏழு நாளைக்கும் ஏழு நேரம். அதைப் பின்கதவில் ஒட்டினார். டின் மட்டும் பழையபடி ஐந்து தட்டு. இல்லாவிட்டால் ஹெட்கிளார்க்குக்கு எப்படித் தெரியும்?

மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கதவின் முன் நின்று முழுவதையும் படித்தார்.

"தாறுமாறா இருக்கக்கூட உங்களுக்கு டைம்டேபிள் வேணும், இல்லீங்களா?"

"இது வேற. இது மாறி மாறி வருது."

"திங்கக்கிழமை திங்கக்கிழமை ஒரே நேரத்துக்கு மாறி மாறி வருது."

எல்லாவற்றையும் பழிக்கத் தெரிந்தவருக்கு, தன் மூளை ஒரு தண்டவாளம் என்பது மட்டும் கண்ணில் படவில்லை. உண்மையில் கடுவனுக்கு அட்டவணைகூடத் தேவைப்படவில்லை, டின் போதும். முதல் சில நாள் ஸ்பூன் விழும் சத்தத்துக்குப் புதருக்கு வந்தது, பிறகு விடியற்காலையிலிருந்தே அங்கே காத்திருந்தது. புறாவோ ஆறு முப்பத்தெட்டை விடவும் இல்லை. புதிய நேரங்களுக்கும் வந்தது, பழைய நேரத்துக்கும் வந்து வெறும் கல்லின் எதிரே நின்றது. இரட்டை ஷிப்ட்.

இருபதாவது நாள், சனிக்கிழமை, ஆறு இருபத்தைந்து. ஐந்தாவது தட்டு விழுந்த கையோடு புதரிலிருந்து சாம்பல் நிறம் ஒன்று நீண்டது. கல்லின்மேல் ஒரு சிறகடிப்பு, ஒரு புழுதி. டைம்கீப்பர் டின்னை எறிந்தார். அது வேறெங்கோ போய் விழுந்தது. கடுவன் வாயில் கற்றையாக வால் இறகுகளோடு மதிலேறியது. புறா மட்டும் வாலில்லாமல், தள்ளாடி, மின்கம்பியில் போய் ஒட்டிக்கொண்டது.

அவர் கல்லருகே போய் நின்றார். புதருக்குள் குனிந்து பார்த்தார். அமுங்கிய புல்லில் கையை வைத்தார். இன்னும் சூடாக இருந்தது. பூனை அங்கே எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருந்தது என்று அவருக்குத் தெரிந்தது. காத்திருப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. அவர் கட்டத்தில் ஒருநாள்கூடத் தவறாமல் நேரத்துக்கு வந்தது ஹெட்கிளார்க் மட்டும் அல்ல.

கதவிலிருந்த தாளைக் கிழித்தார். டின்னை மனைவியிடம் கொடுத்து, ஏதாவது போட்டு வைத்துக்கொள் என்றார். மறுநாளிலிருந்து கல் வெறும் கல்.

குருவிகள் இரண்டே நாளில் வராமல் நின்றன. மைனாக்கள் வேறு வீட்டில் சண்டைக்குப் போய்விட்டன. நன்றி, விசுவாசம் என்று ஒரு துளி கிடையாது, அந்தக் கேவலமே அவற்றைக் காப்பாற்றியது. புறா மட்டும் வந்தது. ஆறு முப்பத்தெட்டு. வாலில்லாத பின்புறத்தோடு, விந்தி விந்தி மதில்மேல் நடந்து, கல்லுக்கு எதிரே. புதருக்குள் கடுவன்.

மூன்றாம் நாள் அவர் முன்கூட்டியே போய்த் தோட்டத்தில் நின்றார். புறா வந்ததும் கைதட்டினார். அது தலையைச் சாய்த்துப் பார்த்தது. தட்டினால் தானியம் வரும் என்றுதானே அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். மதிலிலிருந்து இறங்கி இன்னும் கிட்டே வந்தது. அவர் குனிந்து ஒரு கூழாங்கல்லை எடுத்தார். முதல் கல் தள்ளி விழுந்தது. இரண்டாவது அதன் நல்ல காலுக்குப் பக்கத்தில் பட்டுத் தெறித்தது. புறா எழும்பியது, அந்த ஒரு நொடி தாமதத்தோடு. கம்பியில் உட்கார்ந்து அவரைப் பார்த்தது. அவர் மூன்றாவது கல்லை எடுத்துக்கொண்டு நின்றார்.

மதிலுக்கு மேல் தையல்காரம்மாவின் தலை தெரிந்தது. கழுத்தில் டேப், உதட்டில் ஊசி. ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"என்னண்ணே, உங்க ஆளையே கல்லால அடிக்கிறீங்க? என்ன பண்ணுச்சு அது?"

"கரெக்டா வருது" என்றார்.

அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. மேலும் ஆறு நாள் கல் எறிந்தார். ஏழாம் நாள் ஆறு முப்பத்தெட்டுக்கு மதில் காலியாக இருந்தது. ஆறு நாற்பத்தொன்று வரை பார்த்தார். சலுகை நேரமும் முடிந்தது. வழக்கம்போல் கை சட்டைப்பைக்குப் போயிற்று. உள்ளே சிவப்புப் பேனா இருந்தது. அதைத் தொட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்து, உள்ளே போய்க் கதவைத் தாழிட்டார். புதருக்குள் சாம்பல் கடுவன் மட்டும் நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தது.