மரப் பெண்ணின் மச்சம்

சுகாரு கரையோரத்து மீனவக் குப்பங்களில் மணப்பெண்ணுக்கு உடை உடுத்திவிட நுயியை விட்டால் வேறு ஆள் கிடையாது. செத்தவர்களுக்கு உடுத்திவிடவும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டுக்கும் அங்கி ஒன்றே, மடிப்புதான் வேறு. உயிரோடிருப்பவர்களுக்கு இடப்பக்கத்துத் துணி மேலே வரவேண்டும். பிணத்துக்கு வலப்பக்கம் மேலே. இதில் நுயியின் கை தவறியதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

வாய் மட்டும் சும்மா இராது. பெண்ணின் பொறாமைக் கொம்பை மறைக்கத்தான் என்று சொல்லப்படும் வெள்ளை முக்காட்டை மணப்பெண்ணின் தலையில் இறக்கும்போது, "கொம்பை உள்ள தள்ளுடி, மாமியா கண்ணுல பட்டுடப் போவுது" என்பாள். அழுதுகொண்டிருந்த பெண்ணும் சிரித்துவிடும்.

நுயியின் கணவனைக் கடல் கொண்டுபோனது. மகன் குனிஜி மிஞ்சினான். பக்கத்து வீட்டு ஹத்சுவின் மகள் மிசாவோவை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். நிச்சயத்துக்குக் கொடுக்கிற உலர்ந்த கணவாயும் கடற்பாசிக் கட்டும் சாக்கே அரிசி மதுப் பீப்பாயும் ஹத்சுவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. மிசாவோவின் கல்யாண அங்கிக்கான வெண்பட்டை நுயி தானே வெட்டி வைத்திருந்தாள். பனிக்காலத்தில் ஊர் ஆண்கள் எல்லோரையும் போலக் குனிஜியும் டோக்கியோவுக்குச் சுரங்கப்பாதை தோண்டும் வேலைக்குப் போனான். மண் சரிந்தது. வசந்தத்தில் கல்யாணம் நடக்க வேண்டிய வீட்டுக்கு வெள்ளைத் துணி சுற்றிய சாம்பல் பெட்டி வந்தது.

கல்யாணமாகாமல் செத்தவன் அந்தப் பக்கத்திலும் நிம்மதியாக இருக்கமாட்டான். அதனால் பெற்றவர்கள் அவனுக்கு ஒரு மணப்பெண் பொம்மை செய்து, குன்றின் மேலிருக்கும் ஜிஸோ சாமி மண்டபத்தில் அவன் படத்தோடு கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். ஒரே ஒரு கட்டுப்பாடுதான். பொம்மைக்கு உயிரோடிருக்கும் எந்தப் பெண்ணின் பெயரும் இருக்கக் கூடாது, முகமும் இருக்கக் கூடாது. இருந்தால், அவன் அந்தப் பெண்ணையே தேடி வந்து கூட்டிப்போய்விடுவான்.

கடைசல்காரர் மொஹே அப்போதுதான் அந்தப் பொம்மைக்கு மரத்தில் தலையைக் கடைந்து முடித்திருந்தார். நுயி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இடது கண்ணுக்குக் கீழ ஒரு மச்சம் வெச்சுடுங்கண்ணே."

மொஹே தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். "ஏம்மா, ஊர்ல அந்த எடத்துல மச்சம் யாருக்கு இருக்குன்னு எனக்குத் தெரியாதா? மிசாவோ வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் நானும் குடியிருக்கேன்."

"ஒரு புள்ளிதானேண்ணே."

"புள்ளியில்ல, அது ஆளு. நான் வெக்கமாட்டேன். கண்ணு, மூக்கு, வாய் எழுதித் தர்றேன், எடுத்துட்டுப் போ."

எடுத்துக்கொண்டு போனாள். வீட்டில் மை குழைத்து, அந்தப் புள்ளியைத் தானே வைத்தாள். மிசாவோவுக்கென்று வெட்டி வைத்திருந்த பட்டிலிருந்தே சின்ன அங்கி தைத்தாள். கை கால் இல்லாத மரப் பெண்ணுக்கு அங்கியின் கைகள் சும்மா தொங்கின. மடிப்பை, உயிருள்ள மணப்பெண்ணுக்குப் போல, இடப்பக்கம் மேலே வரும்படி வைத்தாள்.

மூன்றாம் வருஷம் ஹத்சு வாசலில் வந்து நின்றாள். உள்நாட்டில் ஆப்பிள் தோட்டக்காரர் வீட்டில் மிசாவோவுக்கு இடம் அமைந்திருந்தது.

"நுயி அக்கா, உங்ககிட்ட கேக்கவே வாய் வரலை. ஆனா வேற ஆளுக்கு நான் எங்க போவேன்?"

"வேற ஆளு எதுக்கு? நான் வர்றேன்" என்றாள் நுயி.

கல்யாணத்தன்று காலையில் மிசாவோவின் பிடரியை மழித்து, கழுத்துக்கும் முகத்துக்கும் வெள்ளை பூசினாள். மச்சம் மறைந்தது. அறையில் அவர்கள் இருவர்தான். ஹத்சு அடுக்களையில் சிவப்புப் பயறுச் சோறு கிளறிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அந்தப் பொம்மைக்கு மச்சம் வெச்சது நீங்கதானே?"

நுயியின் தூரிகை நின்றது.

"போன வருஷம் ஜிஸோ சாமி திருவிழாவுலயே பாத்தேன்."

"பாத்துட்டு ஏண்டி சொல்லலை?"

"சொன்னா எங்கம்மா உங்க வீட்டக் கொளுத்திடுவா." மிசாவோ சிரிக்கப் பார்த்தாள், வெள்ளைப்பூச்சு விரிந்துவிடும் என்று அடக்கிக்கொண்டாள். "அப்ப எனக்கும் அது ஆறுதலாத்தான் இருந்துச்சு. அவரு தனியா இல்லைன்னு. இப்ப பயமா இருக்கு அத்தை. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா? பொறக்கற கொழந்தைக்கு ஆச்சுன்னா? அதை எடுத்துடுங்க. இன்னிக்கே எடுத்துடுங்க."

"அவனுக்கு வேற யாருடி இருக்கா?"

நுயி அங்கியை மிசாவோவின் தோளில் போட்டாள், கழுத்தோரத்தை நீவினாள், மடித்தாள். மிசாவோ குனிந்து பார்த்தாள். வலப்பக்கம் மேலே இருந்தது.

"அத்தை..."

நுயியும் பார்த்தாள். அந்தக் குளிர்காலத்தில் பிணங்களுக்குத்தான் அதிகம் உடுத்தியிருந்தாள். கை பழக்கத்தில் போனதா, மனம் சொல்லிப் போனதா என்று அவளுக்கே தெரியவில்லை. பிரிக்கக் கையெடுப்பதற்குள் ஹத்சு தட்டோடு உள்ளே வந்துவிட்டாள். சோறு பாயில் சிதறியது.

"அடிப்பாவி! எம்பொண்ணைப் பொணமாக்கவா வந்தே? உம்புள்ள போனா எம்பொண்ணும் போகணுமா? வெளிய போ!"

"அம்மா, கத்தாதே. அவங்க போயிட்டா இடுப்புப் பட்டை யாரு கட்டுவா, நீயா? அவங்களே கட்டட்டும்."

ஹத்சு கதவோரம் நின்று ஒவ்வொரு மடிப்பையும் கண்கொட்டாமல் பார்த்தாள். இடப்பக்கம் மேலே. பட்டை. முடிச்சு. முக்காட்டை இறக்கும்போது நுயி வழக்கமான கொம்பு வேடிக்கையைச் சொல்லவில்லை. மிசாவோ அதற்காகக் கொஞ்சம் காத்திருந்துவிட்டு எழுந்துகொண்டாள்.

ஊர்வலம் கிளம்பும்போது நுயி எதிர்ப்பக்கம் குன்றேறினாள். மண்டபத்தில் யாரும் இல்லை. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பொம்மையை மடியில் கிடத்தினாள். ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தாள். மை மரத்துக்குள் இறங்கிப்போயிருந்தது. பெண்களின் பிடரி மழிக்கும் அதே கத்தியை எடுத்துச் சுரண்டினாள். கறுப்பு போகப் போக ஆழம் கூடியது. கடைசியில் மச்சம் போய், கண்ணுக்குக் கீழே சின்ன குழிதான் மிஞ்சியது. யாருடைய முகமும் இல்லை அது. ஆசைப்பட்டுப் பார்க்கிற முகமும் இல்லை.

பிறகு அந்தச் சின்ன அங்கியைப் பிரித்தாள். வலப்பக்கத்தை மேலே போட்டு மடித்தாள்.

"குனிஜி, உனக்கு இவதான்டா" என்றாள் படத்தைப் பார்த்து. "அந்தப் பொண்ணை விட்டுடு."

மடிப்பு மாறிப்போன விஷயம் மணமகன் வீட்டுக்கு எட்டவில்லை; குப்பங்களுக்கு மறுநாளே எட்டியது. அதன் பின் எந்த மணப்பெண்ணுக்கும் நுயியைக் கூப்பிடவில்லை. ஹிரோசாகி நகரத்திலிருந்து ஒருத்தியை வண்டி வைத்துக் கூட்டிவந்தார்கள். கல்யாண ஊர்வலம் போகும்போது நுயி வீட்டுக்குள்ளேயே இருந்துகொள்வாள். பிணத்துக்கு மட்டும் ஆள் வரும். அவளும் போவாள்; அங்கே வேடிக்கைப் பேச்சுக்கு வழியில்லை.

ஹத்சு நோயில் கிடந்து செத்தபோது, கூப்பிட மிசாவோவே வந்தாள். முதுகில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"வாங்க அத்தை. அம்மாவுக்கு உடுத்தணும்."

"உங்கம்மா நான் தொடறதுக்கு ஒத்துக்குவாளாடி?"

"இப்ப என்ன கத்தவா போறா?"

நுயி போனாள். ஹத்சுவைக் குளிப்பாட்டி, வெள்ளை அங்கியைப் போட்டு, வலப்பக்கத்தை மேலே மடித்து நீவினாள். தலைமாட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மிசாவோ, குழந்தையின் முகத்தை முதுகுத் துணியால் மூடிக்கொண்டு சொன்னாள்:

"இந்தத் தடவை சரியா இருக்கு, அத்தை."