பொட்டு வைத்த விண்கலம்

என் தாய்மாமா தொலைக்காட்சித் தொடர் எழுதுகிறவர். மாமியார் மருமகள் சண்டையெல்லாம் அவருக்கு வராது. வேற்றுக் கிரகம், விண்கலம், இதுதான். பல வருடம் நடையாய் நடந்து, பதின்மூன்று வாரத் தொடர் ஒன்றுக்கு அனுமதி வாங்கினார். எழுத்தும் தயாரிப்பும் அவரே. வானத்தில் ஒரு விண்கலம் சுற்றிக்கொண்டே இருக்கும்; உள்ளே யார் என்று தெரியாமல் ஊரே நடுங்கும்.

தி.நகரில் எங்கள் வீட்டு மாடியில்தான் படப்பிடிப்பு. இரண்டு இட்லிப் பானை மூடிகளைச் சேர்த்து ஒட்டி, வெள்ளிச் சாயம் அடித்து, தூண்டில் நரம்பில் தொங்கவிட்டால் விண்கலம். முதல் நாள் பூஜையில் சந்தனம் குங்குமம் வைக்கும் வேலையை அம்மா எனக்குக் கொடுத்தாள். பத்து வயது எனக்கு. காமிரா, விளக்கு என்று வைத்துக்கொண்டே போனவள் விண்கலத்துக்கும் வைத்துவிட்டேன்.

"பாப்பா, அத்த மட்டும் தொடச்சிடு" என்றார் லைட்காரர்.

சாமிக்கு முன்னால் வைத்த குங்குமத்தை அழிக்கப் பயம். அதைச் சொல்லவும் கூச்சம். பொட்டை மறுபக்கம் திருப்பிவிட்டு, துடைத்தாயிற்று என்று தலையாட்டினேன். நரம்பில் தொங்குவது சுழலும் என்று எனக்குத் தோன்றவில்லை. படம் பிடிக்கும்போது அவர்கள் பார்த்துச் சரிசெய்ய இருந்ததோ கையகலக் கறுப்பு வெள்ளைப் பெட்டி; அதில் குங்குமம் யார் கண்ணிலும் படவில்லை.

முதல் வாரம் ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை பாதித் தெரு எங்கள் கூடத்தில், டிவி முன்னால் இருந்தது. சனிக் கிரகத்தைத் தாண்டி விண்கலம் மெல்லத் திரும்பியது, பொட்டும் பொலிவுமாக.

"இன்னா நைனா, ராக்கெட்டுக்கு ஆயுத பூஜையா? எலுமிச்சம்பயம் எங்க?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். சிரிப்பு அடங்கவே இல்லை.

விளம்பரம் கொடுத்திருந்த பாத்திரக்கடை முதலாளி மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். தொடரை நிறுத்தத்தான் வந்திருக்கிறார் என்று அம்மா முணுமுணுத்தாள். "யார் பார்த்த வேலை இது?" என்று அவர் கேட்டபோது நான் கதவுக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தேன். மாமா என்னைப் பார்த்தார்.

"அது அவங்க கிரகத்து அடையாளம் சார். அடுத்த வாரம் அவங்களே வெளிய வருவாங்க, பாருங்க."

வந்தார்கள். நான்கு பேர், நெற்றியில் பொட்டோடு. பிள்ளைகளுக்கு அவர்களைப் பிடித்துப்போய், தொடர் பதின்மூன்று வாரமும் ஓடியது. அதன்பிறகு மாமாவைக் கூப்பிட்டவர்கள் எல்லோரும் சிரிப்புத் தொடர்தான் கேட்டார்கள். அவரும் எழுதிக் கொடுத்தார்.

போன மாதம்தான், பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "கடைசி வாரம் கதவைத் திறந்தா, உள்ள யாருமே இல்ல. பயம் மட்டும்தான் நம்மளுது. அதான் நான் எழுதி வெச்சிருந்த கதை."

அந்த இரண்டாம் வாரப் படப்பிடிப்பில், வேற்றுக் கிரகத்தார் நான்கு பேருக்கும் நான் ஒவ்வொரு நெற்றியாகப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது, மாமா சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். விளக்கை எங்கே வைப்பது என்று யோசிக்கிறார் என நினைத்தேன்.

"எல்லாருக்கும் வெச்சிட்டேன், திரும்பிப் பாரு மாமா!" என்று பெருமையாகக் கூப்பிட்டேன்.