நடந்து போக ஓர் ஊர்

ஷார்ஜாவில் வண்டி ஓட்டத் தெரியாதவளுக்குக் கால் இருந்தும் இல்லாத கதைதான். ஜெயபாரதி லைசென்ஸ் டெஸ்டில் திரும்பத் திரும்பத் தோற்று, கடைசியில் வெறுத்துப்போய் விட்டுவிட்டாள். கொளுத்தும் வெயிலில் நடக்கவும் வழியில்லை. ஒரு துணிக்கடைக்குப் போவதென்றாலும் கணவன் வெங்கட்ராமன் டியூட்டி முடிந்து வர வேண்டும்.

அதனால்தான் இந்த வருட லீவுக்கு ஐரோப்பாவின் சின்ன ஊர்களாகப் பார்த்துப் பொறுக்கினாள். முதல் ஊரான கோல்மாரில் ரயிலை விட்டு இறங்கினால் விடுதிக்கு நடந்தே போகலாம். அடுத்த ஊருக்கும் ரயில்தான். யாரையும் கேட்காமல் தெருவில் இறங்கலாம். மாதக்கணக்காக அவளுக்கு அதே நினைப்பு.

விசா வந்த அன்று வெங்கட்ராமன் வாயெல்லாம் பல்லாக வந்தான்.

"பாரதி, உன் பிளான்ல ஒண்ணே ஒண்ணுதான் மாத்தினேன். பாவம், பெட்டியைத் தூக்கிட்டு ரயில் ரயிலா ஏறி இறங்குவியா? அங்க ஓட்டறதுக்கு ஒரு கார் புக் பண்ணிட்டேன். பணமும் கட்டியாச்சு."

"நான் நடக்கணும்னுதாங்க…"

"நான் இருக்கறப்ப நீ எதுக்கும்மா நடக்கணும்?"

இதைக் கொண்டாட வெளியே சாப்பிடலாம் என்று சாவியை எடுத்தான். அவளுக்கு அழக்கூடத் தோன்றவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போய், அவன் கதவைத் திறக்கும்வரை வழக்கம்போலக் காருக்குப் பக்கத்தில் நின்றாள்.